நூல் எழுதாத ஆசான்

அல்லாமா இக்பால் என்றதும் எங்களுக்கு நினைவில் வருவது ஒரு படம்தான். கையில் தலையைத் தாங்கி, எதையோ ஆழமாக யோசித்தபடி அமர்ந்திருக்கும் அந்தப் படம். மீலாத் மேடைகளிலும் பேச்சுப் போட்டிகளிலும் அவர் பெயரைச் சொல்லாமல் முடிக்கிறவர்கள் குறைவு. காத்தான்குடி தந்த கவிஞர் அப்துல் காதர் லெப்பை இக்பால் இதயம் என்ற நூலின் மூலம் அவரைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். அதன் பிறகு அவர் நமக்கு அந்நியரும் அல்லர். அப்துல் காதர் லெப்பை தொழிலால் ஓர் ஆசிரியர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்; காரணம் போகப் போகத் தெரியும்.

ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறார். அவரைப் பற்றி நம் மேடைகளில் ஒரேயொரு கதையைத்தான் சொல்வார்கள். பட்டம் கிடைத்த கதை. அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு இறங்கிவிடுவார்கள். அந்தப் பட்டத்துக்கு முந்திய ஐம்பது, அறுபது வருடங்களில் அவர் ஒவ்வொரு நாளும் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு அறிய வேண்டியிருந்தது. தேடிப் படித்ததில் கிடைத்ததை எழுதுகிறேன். அவர் பெயர் மௌலவி செய்யித் மீர் ஹசன். ஊர், சியால்கோட்.

சியால்கோட் என்ற பெயர் எங்கள் தம்பிமாருக்கு நன்றாகத் தெரியும். கிரிக்கெட் மட்டையிலும் கால்பந்திலும் அந்தப் பெயரைப் படித்திருப்பார்கள். பஞ்சாபின் வடக்கே, கஷ்மீர் மலைகளுக்குக் கீழே உள்ள பழைய நகரம் அது. கஷ்மீரிலிருந்து இறங்கி வந்து அங்கே குடியேறிய குடும்பங்களில் ஒன்றுதான் இக்பாலின் குடும்பம். தகப்பனார் ஷெய்க் நூர் முஹம்மத் தையல் தொழில் செய்தவர். முறையாகப் பாடசாலைக்குப் போனவர் அல்லர், ஆனால் ஸூபி ஞானத்தில் ஊறியவர். தாயார் இமாம் பீபி. 1877 நவம்பர் 9ஆம் திகதி இக்பால் பிறந்தபோது மீர் ஹசனுக்கு 33 வயது. அவர் அப்போதே ஊரில் பெயர் பெற்ற ஆசிரியர்.

அந்தக் காலத்து வழக்கப்படி சிறுவன் இக்பாலை ஓதுவதற்குப் பள்ளிவாசல் மத்ரஸாவில் சேர்த்தார்கள். ஒருநாள் அங்கே போன மீர் ஹசன் இந்தப் பிள்ளையைக் கண்டார். யாருடைய மகன் என்று விசாரித்துக்கொண்டு நேரே தகப்பனாரிடம் போனார். ஓதுவது மட்டும் இவனுக்குப் போதாது, என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்டார். நூர் முஹம்மதுக்கு உடனே மனம் வரவில்லை. மகன் மார்க்கக் கல்வியோடு நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சில நாட்கள் யோசித்த பிறகு சம்மதித்தார்.

மீர் ஹசனிடம் போவது என்றால் வெறுமனே இன்னொரு மத்ரஸாவுக்குப் போவது அல்ல. அவர் ஹாபிழ், அறபும் பாரசீகமும் அவருக்கு மூச்சு மாதிரி. அப்படிப்பட்டவர் வேலை பார்த்ததோ ஸ்கொட்லாந்துக் கிறிஸ்தவ மிஷனரிமார் நடத்திய பாடசாலையில். இன்றைக்கு இதைப் படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. 1857 கிளர்ச்சி முடிந்து நெடுங்காலம் ஆகாத இந்தியாவில், ஆங்கிலப் படிப்பு ஈமானைக் கெடுக்கும் என்று பயந்த சமூகத்துக்குள் இருந்துகொண்டு, ஒரு மௌலவி காலையில் மிஷன் பாடசாலைக்கு நடந்து போவது சின்ன விடயமல்ல. சேர் செய்யித் அஹ்மத் கானின் அலிகார் இயக்கத்தை அவர் மனமார ஆதரித்தார். அதனால் ஊரில் சிலருடைய முகச்சுளிப்புக்கும் ஆளானார். இக்பாலையும் அதே மிஷன் பாடசாலையில் சேர்க்கும்படி தகப்பனாரை இணங்க வைத்தவரும் அவர்தான்.

இதைப் படிக்கும்போது எனக்கு நமது சித்திலெப்பையின் நினைவு வந்தது. அதே கால்நூற்றாண்டில் அதே பயத்தோடு இந்தத் தீவில் போராடியவர் அவர். சேர் செய்யித் அஹ்மத் கானும் சித்திலெப்பையும் வபாத்தானது ஒரே ஆண்டில், 1898இல்.

இனி வகுப்பறைக்குள் போவோம். மீர் ஹசனுடைய வகுப்பறைக்குச் சுவர் இருந்ததாகச் சொல்ல முடியாது. பாடசாலை விட்ட பிறகு மாணவர்கள் வீட்டுக்கு வருவார்கள். கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போனால் கிதாபைக் கையில் ஏந்தியபடி பின்னாலேயே போவார்கள். நடந்துகொண்டே பாடம் நடக்கும். சம்பளம் கொஞ்சம், உடுப்பு எளிமை, வீட்டு வேலைகளைத் தானே பார்ப்பார். ஊரார் அவரை ஷாஹ் ஸாஹிப் என்று அழைத்தார்கள்.

அவர் கற்பித்த முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு பாரசீகக் கவிதையடியை எடுத்தால் அதற்குப் பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போவதில்லை. அதே கருத்து உருதுவில் எப்படி வந்திருக்கிறது, பஞ்சாபியில் கிராமத்தவர்கள் அதை எப்படிப் பாடுகிறார்கள் என்று மனப்பாடமாக ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சொல்வார். பிள்ளைக்குப் பாரசீக அடி புரியும்போது, தன் தாய் வீட்டில் பேசும் பஞ்சாபியும் அதற்குக் குறைந்தது அல்ல என்பதும் சேர்ந்தே புரியும். இக்பாலின் நண்பர் ஷெய்க் அப்துல் காதிர், 1924இல் வெளிவந்த பாங்கே தரா என்ற கவிதைத் தொகுதிக்கு முன்னுரை எழுதும்போது இந்த ஆசிரியரை மறக்காமல் குறிப்பிடுகிறார். அவரிடம் அறபோ பாரசீகமோ படித்தவருக்கு மொழி மட்டுமல்ல, அந்த மொழியின் உண்மையான ருசியும் வந்துவிடும் என்பது அவர் கருத்து. பரீட்சையில் ருசிக்குப் புள்ளி இல்லை. ஆனால் பரீட்சை முடிந்த பிறகு எஞ்சுவது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆசிரியருக்கும் மாணவனுக்கும் இடையே நடந்ததாகச் சொல்லப்படும் சில வேடிக்கைகளும் உண்டு. ஒருநாள் இக்பால் வகுப்புக்குப் பிந்தி வந்தாராம். ஏன் தாமதம் என்று ஆசான் கேட்க, இக்பால் தாமதமாகத்தான் வரும் என்று பிள்ளை பதில் சொன்னாராம். இக்பால் என்ற சொல்லுக்கு நற்பேறு என்று பொருள். இன்னொரு நாள் ஷாஹ் ஸாஹிப் வீட்டுச் சிறுவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு கூட நடக்கும்படி இக்பாலுக்குப் பணித்திருக்கிறார். சிறுவனின் பெயர் இஹ்ஸான். கை வலித்ததால் இக்பால் அவனை வழியில் இறக்கிவிட்டு நின்றிருக்கிறார். ஆசான் திரும்பிப் பார்த்து, இவனைத் தூக்குவது அவ்வளவு கஷ்டமா என்று கேட்டிருக்கிறார். உங்கள் இஹ்ஸான் பாரமானது என்றாராம் மாணவர். இஹ்ஸான் என்றால் உபகாரம், நன்றிக்கடன் என்பதை நம் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கதைகளில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பின்னால் சேர்ந்தது என்பது இருக்கட்டும். பாரம் தாங்காத பிள்ளை சிலேடையில் பதில் சொல்லலாம், ஆசான் அடிக்க மாட்டார் என்று எல்லோரும் நம்பிய வகுப்பு அது. அதுவே எனக்குப் போதும்.

1893இல் மெட்ரிகுலேஷன். அதே மிஷனின் கல்லூரிப் பிரிவில் இன்னும் இரண்டு வருடம். அந்தக் கல்லூரி பின்னர் மர்ரே கல்லூரி என்று பெயர் பெற்றது. 1895இல் இக்பால் லாகூர் அரசினர் கல்லூரிக்குப் போனார். செலவுக்கு மூத்த சகோதரர் அதா முஹம்மதின் சம்பளம் இருந்தது. கவிதைக்கும் ஓர் ஆசிரியர் கிடைத்திருந்தார், ஆனால் தபால் வழியாக. ஹைதராபாத்தில் இருந்த மஹாகவி தாக் தெஹ்லவிக்கு இக்பால் தன் கஸல்களை அனுப்புவார், அவர் திருத்தி அனுப்புவார். கொஞ்ச நாளில் தாக், இனித் திருத்துவதற்கு அதிகம் இல்லை என்று எழுதிவிட்டார். லாகூரில் தத்துவம் கற்பித்தவர் தோமஸ் ஆர்னல்ட். இஸ்லாம் பரவிய வரலாற்றை எழுதிப் புகழ் பெற்ற அதே ஆர்னல்ட்தான். 1899இல் தத்துவத்தில் முதுமாணிப் பட்டம் கிடைத்தது.

லாகூருக்குப் போன பிள்ளை ஆசானை விட்டுவிடவில்லை என்பதற்கு ஒரு சம்பவம். 1898 மார்ச்சில் சேர் செய்யித் அஹ்மத் கான் வபாத்தான செய்தி வந்தபோது இக்பால் சியால்கோட்டில் நின்றார். மீர் ஹசன் அவரிடம், வருடத்தைக் குறிக்கும் ஒரு வாசகம் கண்டுபிடி என்றார். இது ஒரு பழைய கலை. அறபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எழுத்துகளைக் கூட்டினால் ஹிஜ்ரி வருடம் வர வேண்டும், வாசகமும் இறந்தவருக்குப் பொருந்த வேண்டும். பிஸ்மிக்குப் பதிலாகக் கடிதத் தலைப்பில் 786 என்று நம் பெரியவர்கள் எழுதுவது இந்தக் கணக்கில்தான். இக்பால் யோசித்து, ஆல இம்ரான் அத்தியாயத்தின் ஒரு வசனத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தார். கூட்டினால் 1315, அந்த ஹிஜ்ரி வருடமேதான். இதற்குள் ஆசானும் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். இரண்டே சொல். ஙுஃபிர லஹு, அவருடைய பிழைகள் மன்னிக்கப்பட்டன. நான் காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். கைன் 1000, ஃபா 80, ரா 200, லாம் 30, ஹா 5. சரியாக 1315! மாணவர் வசனத்தை எடுத்தார். ஆசான் ஜனாஸாவில் எல்லோரும் கேட்கும் துஆவையே எடுத்துவிட்டார். கூட்டி முடித்த பிறகு எனக்குச் சிறிது நேரம் பென்சிலை வைக்க மனம் வரவில்லை.

1905இல் இக்பால் மேற்படிப்புக்காக ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். வழியில் டில்லியில் இறங்கி, ஹஸ்ரத் நிஸாமுத்தீன் அவுலியாவின் தர்ஹாவில் ஒரு பயணியின் வேண்டுதலாக ஒரு கவிதை பாடினார். அந்தக் கவிதையில் பெற்றோரை நினைக்கிறார், சகோதரரை நினைக்கிறார். இரண்டுக்கும் நடுவில் மீர் ஹசனை வைத்திருக்கிறார். பெயர் சொல்லவில்லை. ஆனால் ஹஸ்ரத் அலி அவர்களின் குடும்பத்து விளக்கு என்று வரும்போது, செய்யித் வம்சத்தவரான தன் ஆசானைத்தான் சொல்கிறார் என்பது படிப்பவருக்கு விளங்கும். கப்பல் ஏறப் போகிற 27 வயது இளைஞர், பெற்ற தாய் தகப்பனுக்கு அடுத்த இடத்தில் ஊர்ப் பாடசாலை வாத்தியாரை நிறுத்துகிறார்.

ஐரோப்பாவில் மூன்று வருடம். கேம்பிரிட்ஜ், லண்டன், மியூனிக். 1907இல் பாரசீகத் தத்துவ வரலாறு பற்றிய ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம்; அந்த ஆய்வை நூலாக்கியபோது ஆர்னல்டுக்குச் சமர்ப்பணம் செய்தார். இந்தக் காலத்தில்தான் இக்பாலுக்குத் திடீரென்று கவிதையே வேண்டாம் என்று தோன்றியது. எழுதுவதை நிறுத்திவிட்டு வேறு உருப்படியான வேலை செய்யப் போவதாக அப்துல் காதிரிடம் சொன்னார். நண்பர்கள் இருவரும் வாதாடி ஒரு முடிவுக்கு வர முடியாமல் ஆர்னல்டிடம் போனார்கள். எழுதத்தான் வேண்டும் என்று ஆர்னல்ட் தீர்ப்பளித்தார். அவர் மறுமாதிரிச் சொல்லியிருந்தால் இன்று லாகூரில் ஒரு பழைய வழக்கறிஞரின் பெயர் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

இந்தக் காலத்தில் இன்னோர் ஆசிரியையும் வருகிறார். ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் இக்பாலுக்கு ஜேர்மன் மொழி கற்பித்த எம்மா வேகனாஸ்ட். கதேயின் கவிதைக்குள் அவரை அழைத்துப் போனவர் அவர். பிரிந்த பிறகு பல வருடங்கள் இருவருக்கும் கடிதத் தொடர்பு இருந்தது. 1923இல் கதேக்குக் கிழக்கிலிருந்து ஒரு பதிலாகப் பயாமே மஷ்ரிக் என்ற நூலை இக்பால் எழுதினார். அந்த நூலின் பின்னால் ஹைடல்பேர்க் பாடங்களும் இருக்கின்றன. இக்பாலின் ஆசிரியர் வரிசையில் நான் கண்ட ஒரே பெண் இவர்தான்.

இதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. சியால்கோட் கதைகளில் ஷாஹ் ஸாஹிபின் பின்னால் கிதாபோடு நடக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஆண் பிள்ளைகள். அவர்களுடைய சகோதரிமார் எங்கே என்று எந்தக் கதையும் கேட்பதில்லை. இமாம் பீபிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வறிய வீட்டுப் பெண் பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து வளர்த்து, ஓதக் கற்க வைத்து, கல்யாணமும் செய்து கொடுத்தார் என்று சொல்கிறார்கள். 1914இல் அவர் மறைந்தபோது மகன் எழுதிய இரங்கற்பா உருது இலக்கியத்தில் மிகச் சிறந்த ஒன்றாக மதிக்கப்படுகிறது. அந்தத் தாயும் எனக்கு ஓர் ஆசிரியைதான். பெண் கல்வி பற்றி இக்பால் கொண்டிருந்த சில கருத்துகளை நான் ஏற்கவில்லை. பெண்ணுக்குரிய படிப்பு வேறு என்று அவர் நினைத்தார். ஆனால் தன் மகள் முனீராவையும் மகன் ஜாவீதையும் பார்த்துக்கொள்ள 1937இல் அவர் தேடி அழைத்தது, அலிகாரில் இருந்த ஒரு ஜேர்மன் பெண்மணியை. எழுதிய இக்பாலும் வாப்பாவான இக்பாலும் முழுக்க ஒரே ஆள் அல்லர் போலும்.

மீர் ஹசனைப் பற்றி நான் ஏன் இவ்வளவு தேடினேன் என்று என் சிநேகிதிகள் கேட்டார்கள். நான் உயர்தரத்தில் கலைப் பிரிவு. பரீட்சைக்குப் பிறகு கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். இதை வீட்டில் சொன்ன அன்று, வந்திருந்த மாமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, டீச்சர் வேலைக்கா, இவ்வளவு படித்துவிட்டு வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாமியைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளத்தையும் இடமாற்றத்தையும் நினைத்துத்தான் அவர் சொன்னார். தரம் 9இல் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த டீச்சரும் அப்படித்தான் ஒரு தவணை நடுவில் தூர ஊருக்கு மாற்றலாகிப் போனார். போன பிறகும் எங்களில் யாரும் ஒற்றுப்பிழை விட்டால், டீச்சர் இருந்தால் என்ன செய்வார் தெரியுமா என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வோம். சிவப்பு மையால் சுழித்துவிட்டு, பக்கத்தில் சரியான சொல்லை எழுதித் தர மாட்டார். நாமே தேட வேண்டும். அந்த ஊரில் இப்போது வேறு பிள்ளைகள் அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். மாமிக்கு அன்று சொல்லத் தெரியாத பதிலைத்தான் நான் சியால்கோட்டில் தேடினேன்.

இனி அந்தப் பட்டத்தின் கதை. இக்பாலின் அஸ்ராரே குதி 1915இல் வந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் நிக்கல்சன் 1920இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் பிறகுதான் ஆங்கிலேய அரசாங்கம் தன் ஆட்சிக்குள்ளேயே இப்படி ஒருவர் இருப்பதைக் கவனித்தது. 1923 புத்தாண்டில் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. அதைப் பலரும் விரும்பவில்லை. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. அதைக் கண்டித்துத் தாகூர் தன் சேர் பட்டத்தைத் துறந்திருந்தார். கிலாபத் இயக்கத்தின் சூடும் ஆறவில்லை. அரசாங்கத்தின் வாசலில் தலை வைத்துவிட்டார் என்று இக்பாலைக் கேலி செய்து பத்திரிகைகளில் கவிதைகள் வந்தன. அந்தக் கேலியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் பட்டத்தைப் பற்றி பஞ்சாப் ஆளுநர் பேசியபோது இக்பால் ஒரு நிபந்தனை வைத்தார். தன் ஆசானுக்கும் பட்டம் வேண்டும். முஸ்லிம் அறிஞர்களுக்கு அரசாங்கம் கொடுத்த ஷம்ஸுல் உலமா என்ற பட்டம், அறிஞர்களின் சூரியன் என்று பொருள். ஆளுநர் வழக்கப்படியான கேள்வியைக் கேட்டார். அவர் என்ன நூல்கள் எழுதியிருக்கிறார்? அரசாங்கக் கோவையில் ஏதாவது பதிய வேண்டுமல்லவா. அவர் எழுதிய நூல் நான்தான், உயிரோடு உங்கள் முன்னால் நிற்கிறேன் என்ற பொருள்பட இக்பால் பதிலளித்தார். இந்தப் பதிலைச் சொல்பவர்கள் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள்; கருத்து ஒன்றுதான். பட்டம் கிடைத்தது. மேடைகளில் இந்த இடத்தில்தான் கைதட்டல் வரும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்குப் பிறகு இக்பால் கேட்ட இரண்டாவது சலுகை. பட்டம் வாங்க ஆசானை லாகூருக்கு வரவழைக்கக் கூடாது, அவருக்கு வயதாகிவிட்டது என்று கேட்டுக்கொண்டார். அப்படியே சன்னது சியால்கோட்டுக்கே போனது. 79 வயதுக் கிழவரைப் புகைவண்டியில் ஏற்றி, பெரிய மண்டபத்தில் வரிசையில் நிறுத்தி வைக்க மாணவருக்கு மனம் வரவில்லை. பதில் சொல்வது கெட்டித்தனம். இதை யோசித்துக் கேட்பதற்கு அந்த ஆசானோடு கடைத்தெருவில் நடந்திருக்க வேண்டும்.

இக்பால் இதற்கு முன்பே ஆசிரியத் தொழிலை விட்டுவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். முதுமாணிப் பட்டம் பெற்றவுடன் லாகூர் ஓரியண்டல் கல்லூரியிலும் பின்னர் அரசினர் கல்லூரியிலும் படிப்பித்தார். உருதுவில் பொருளியல் நூல் ஒன்றும் எழுதினார். ஐரோப்பாவிலிருந்து திரும்பிய பிறகு சில காலம் தொடர்ந்துவிட்டு, அரசாங்க வேலை வேண்டாம் என்று வழக்கறிஞர் தொழிலுக்குப் போனார். சியால்கோட்டில் இருந்தவரோ போகவில்லை. ஏறத்தாழ 60 வருடம் அதே மிஷனின் வகுப்புகளில் அதே அறபையும் பாரசீகத்தையும் புதிய புதிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உலகம் அறிந்த ஒரு மாணவர் கிடைத்துவிட்டார், இனி ஓய்வெடுக்கலாம் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கடைசி வருடங்களில் அவரிடம் அறபு படிக்க வந்த பிள்ளைகளில், சியால்கோட் வழக்கறிஞர் ஒருவரின் மகனும் இருந்தார். 1911இல் பிறந்தவர், பெயர் ஃபைஸ் அஹ்மத். பிற்காலத்தில் ஃபைஸ் அஹ்மத் ஃபைஸ் என்று, இக்பாலுக்குப் பிறகு உருதுக் கவிதையில் அதிகம் பேசப்பட்ட பெயர் அது. இருவருடைய கவிதையும் இரண்டு திசை. ஒருவர் பேசியது மில்லத்தை, மற்றவர் பேசியது தொழிலாளியை. ஆரம்பப் பாடம் மட்டும் ஒரே முற்றத்தில்.

1929இல் ஃபைஸ் லாகூர் அரசினர் கல்லூரிக்குப் போக ஆயத்தமானார். தகப்பனார் இக்பாலின் நண்பர். பையனைச் சேர்த்துக்கொள்ளும்படி இக்பால் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்பார்கள். அதே வருடம் செப்டம்பர் 25ஆம் திகதி சியால்கோட்டில் மீர் ஹசன் வபாத்தானார், 85 வயதில். அவருடைய பெயரில் ஒரு நூலும் இல்லை. ஃபைஸ் அப்போது லாகூரில் முதல் வருட மாணவர்.